பழைய டிவி திரை விமர்சனங்கள்: விமர்சனமா, விளம்பரமா?

4 ஜனவரி 2025, தேனி கூடலூரிலிருந்து ஒரு வாசகர்

தொண்ணூறுகளில் டிவியில் வந்த திரை விமர்சனங்களைப் பற்றி ஆளுக்கு ஆள் உருகுகிறார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. எந்தப் படத்தையாவது "போகாதீர்கள்" என்று அவர்கள் சொன்னதுண்டா? பாதிக் கதையைச் சொல்வார்கள், இரண்டு பாட்டைப் போடுவார்கள், ஒளிப்பதிவு அருமை, இசை இனிமை என்று முடித்துவிடுவார்கள். படக் கம்பெனிக்கு இலவச விளம்பரம். இதற்கு விமர்சனம் என்று பெயர் வேறு. மறுப்பவர்கள் ஒரு காரணம் சொல்லுங்கள்.

4 ஜனவரி, இரவு, இன்னொரு வாசகரின் பதில்

நான் சொல்கிறேன். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் நான். மண் கேரளம், வீட்டில் தமிழ். தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊருக்கு மலையிறங்க வேண்டும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு நடை. அங்கிருந்து குமுளிக்கு ஒரு பஸ். செக்போஸ்ட்டை நடந்தே தாண்டினால் தமிழ்நாட்டு பஸ். லோயர்கேம்ப் வருவதற்குள் என் தம்பி ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துவிடுவான். ஐந்து பேருக்குப் போக வர பஸ் செலவு, டிக்கெட், பகல் சாப்பாடு, இடைவேளைக்கு முறுக்கு. சம்பளம் போட்ட பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இதற்கெல்லாம் கட்டுப்படியாகும். படம் சரியில்லை என்றால் அந்த மாதம் போனது போனதுதான்.

அந்த வீட்டில் உட்கார்ந்து திரை விமர்சனம் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். "போகாதீர்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை, உண்மை. ஆனால் எங்களுக்கு அது தெரிந்துவிடும். சன் டிவியில் தொகுப்பாளர் ரத்னா பேசி முடிப்பதற்குள் அம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவார். "இயக்குநரின் முயற்சி பாராட்டத்தக்கது" என்று வந்தால், முயற்சியோடு நின்றுவிட்டது என்று பொருள். "இரண்டாம் பாதியில் இன்னும் விறுவிறுப்பைக் கூட்டியிருக்கலாம்" என்றால் தம்பி தூங்கிவிடுவான், மடி வலிக்கும். "இளைஞர்களைக் கவரும்" என்றால் அப்பாவோடு போகக் கூடாது. பாட்டி காட்சிகளை எண்ணுவார். ஒரே காமெடிக் காட்சியைத் துண்டு துண்டாக மூன்று இடத்தில் போட்டால், "காட்ட வேறொன்றும் இல்லை, பிள்ளே" என்பார்.

இப்படிப் பார்க்கத் தெரிந்த வீட்டுக்கு அது விமர்சனம்தான்.

5 ஜனவரி

ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் போனில் படித்துக் காட்டியபோது சின்னம்மா கேட்டார்: "அந்த ஒற்றை வரிக் கிண்டலை ஏன் விட்டுவிட்டாய்?" அவர் சொல்வது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த டாப் டென் மூவீஸ். பத்தாம் இடத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வருவார்கள், படத்தின் பெயரை வைத்தே ஒரு வரியில் தீர்ப்பு வரும். "மறுப்பதற்கு ஒரு காரணம்" கேட்ட கூடலூர்த் தம்பிக்கு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். திரை விமர்சனம் தயங்கித் தயங்கிச் சொன்னதை, டாப் டென்னில் படம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து நாங்கள் சரிபார்த்துக்கொள்வோம். முதல் வாரம் நான்காம் இடத்தில் இருந்த படம் அடுத்த வாரம் ஒன்பதுக்கு இறங்கினால் கம்பம் பயணம் ரத்து.

ஞாயிறு காலை லயத்தில் துணி துவைக்கும் நேரம். பைப்படியில் நிற்கிற பெண்களுக்கு எங்கள் வாசலிலிருந்து நான்தான் கத்திச் சொல்வேன்: "ஏழு! ஆறு!" சோப்பு நுரைக் கையோடு நின்று கேட்பார்கள்.

6 ஜனவரி

"கம்பத்துக்கு ஏன் போக வேண்டும்? கேரளத்தில் தமிழ்ப் படம் ஓடாதா?" என்று பாலக்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எல்லையில் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

படத்தை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். கம்பம், போடி, தேனி எல்லாம் மதுரை–ராமநாதபுரம் ஏரியா, எம்.ஆர். என்பார்கள். குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரள ஏரியா, வாங்குகிறவர் வேறு. பெரிய நடிகர் படமென்றால் கேரளத்திலும் போட்டி போட்டு வாங்குவார்கள், எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கும் வந்துவிடும். சின்னப் படங்களை யார் வாங்குவார்? புதுமுகங்கள் நடித்தவை, குடும்பக் கதைகள், கிராமத்துக் கதைகள் எல்லாம் மலையேறுவதில்லை. பாலக்காட்டுக்குக் கோயம்புத்தூர் பக்கம், உங்கள் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம்.

அதனால் "வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கிறது" என்று டிவியில் கேட்டவுடன் எங்கள் லயத்தில் அடுத்த கேள்வி, "எந்தப் பக்கம்?"

கம்பத்துக்கே புதுப்படம் உடனே வந்துவிடாது. மதுரையில் ஓடிய பிறகுதான் படப்பெட்டி இந்தப் பக்கம் வரும். என் பெரியப்பா மகன் கம்பத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டருக்கு உதவியாக இருந்தார். ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும், ஒரு படத்துக்குப் பதினான்கு பதினைந்து ரீல் வரும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். ஊர் ஊராகச் சுற்றி வந்த பிரிண்ட்டில் கோடு விழுந்திருக்கும். "டிவியில் வெயிலாக இருந்ததே, இங்கே ஏன் வீட்டுக்குள்ளேயே மழை பெய்கிறது?" என்று தம்பி தியேட்டரில் சத்தமாகக் கேட்டான். டிவியில் காட்டிய பாட்டும் அந்தப் பிரிண்ட்டில் இல்லை. வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பாட்டின் ஒரு சரணத்தை நான் திரை விமர்சனத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

7 ஜனவரி

தூர்தர்ஷன் காலத்தை ஏன் சொல்லவில்லை என்கிறார்கள். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. திருவனந்தபுரம் 1985 ஜனவரியில் வந்தது. எங்கள் தோட்டத்து கிளப்பில் ஒரே டிவி, கூரை மேலே இரண்டு ஆண்டெனா. ஒன்று கேரளத்தைப் பார்க்கும், ஒன்று கொடைக்கானல் பக்கம் திரும்பியிருக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி வரும் நேரத்தில் எந்த ஒயரைச் செருகுவது என்று மலையாளிகளுக்கும் எங்களுக்கும் வழக்கு. மலையாளிகளுக்குச் சித்ரகீதம், எங்களுக்கு ஒளியும் ஒலியும். மூடுபனி இறங்கிவிட்டால் இரண்டும் இல்லை, எல்லோரும் சமாதானமாக வீட்டுக்குப் போவோம்.

பாட்டும் படமும்தான் அப்போது கிடைத்தன. ஒரு படத்தைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசி நாங்கள் கேட்டது கேபிள் வந்த பிறகுதான். எங்கள் லயத்துக்கு 1997 இல் வந்தது.

9 ஜனவரி

இரண்டு நாளாக ஒரு விஷயம் மனத்தில் சுற்றுகிறது. "பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள்" என்று கூடலூர்த் தம்பி குறையாகச் சொன்னார் அல்லவா? அந்தப் பழக்கத்தை டிவி புதிதாகக் கொண்டுவரவில்லை. அது பாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது.

பாட்டியின் தகரப் பெட்டியில் பதினைந்து இருபது பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. தியேட்டர் வாசலில் விற்பார்கள். முதல் பக்கத்தில் நடிகர் நடிகையர் பெயர், அடுத்து கதைச் சுருக்கம், அதன் பிறகு பாடல்கள். நாயகி ஆற்றங்கரையில் நிற்கிறாள், வில்லன் பின்னாலிருந்து வருகிறான், அவள் கதி என்ன? "மீதியை வெள்ளித்திரையில் காண்க." எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார், அந்தக் கடைசி வரியை மட்டும் என்னை முந்திக்கொண்டு அவரே சொல்வார்.

வானொலியில் ஒலிச்சித்திரம் வரும், அதுவும் இந்தக் குடும்பம்தான். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரச் சத்தமாகச் சுருக்கிக் கொடுப்பார்கள். கதவு திறக்கும் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம், பிறகு யாரோ அழுவார்கள். யார் அழுகிறார்கள் என்று நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி அம்மா அதைக் கேட்ட முகம் எனக்கு நினைவிருக்கிறது.

விகடன் மார்க் போட்டது. 16 வயதினிலே படத்துக்கு நூற்றுக்கு 62.5 கொடுத்ததைப் பெரியப்பா தன் மகன் வாங்கிய மார்க்கைப் போலச் சொல்வார். எங்கள் ஊருக்குப் புத்தகம் ஒரு நாள் தாமதமாக வரும், டீக்கடையில் கிழிந்து நைந்துபோகும் வரை கை மாறும். மார்க் போட்டுத் தீர்ப்புச் சொல்வது பத்திரிகையின் வழி. கதையைத் தொடங்கிவைத்து விலகிக்கொள்வது பாட்டுப் புத்தகத்தின் வழி. டிவி இரண்டாவது வழியில் போனது. விகடனை அளக்கிற கோலால் டிவியை அளந்தால் குறைவாகத்தான் தெரியும்.

12 ஜனவரி

எதிர் வீட்டுச் சேச்சியை எப்படி மறந்தேன்! அவர் வீட்டிலும் டிவி உண்டு, ஏஷியாநெட் ஓடும். ஆனாலும் தமிழ் விமர்சனம் தொடங்கினால் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். தமிழ் நன்றாகப் பேசுவார், டிவியில் வருகிற வேகம்தான் பிடிபடாது. நான் நடுவில் மலையாளத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு காதாலும் கேட்டு ஒரு வாயால் சொல்கிற வேலை. இன்று நான் கம்பத்தில் பத்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். எங்கே பழகினாய் என்று கேட்பவர்களிடம் சேச்சியைப் பற்றித்தான் சொல்வேன்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் குமுளி வழி அடைபட்டுக் கிடந்தபோது நான் இந்தப் பக்கம், சேச்சி அந்தப் பக்கம். ஒரு நாள் போனில் அழைத்தார். அணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழில் என்ன புதுப்படம் வந்திருக்கிறது, கதை என்ன என்று கேட்டார். நான் பாதி சொல்லி நிறுத்தினேன். சிரித்துவிட்டு, வழி திறந்தவுடன் மீதியைச் சொல்ல வா என்றார்.

15 ஜனவரி

பொங்கல் வேலையில் இரண்டு நாள் போய்விட்டது. இப்போது கூடலூர்த் தம்பிக்கு ஒரு விஷயத்தில் நான் இணங்கியாக வேண்டும்.

விமர்சனத்தில் காட்டிய காட்சிகளைப் படக் கம்பெனிதான் கொடுத்தது. புதுப்படத்தின் காட்சிகள் அவர்கள் கையிலிருந்து வந்தால்தான் உண்டு, திருடிக் காட்டவா முடியும்? காட்சி கொடுத்தவரை முகத்துக்கு நேரே குறை சொன்னால் அடுத்த படத்துக்குக் காட்சி வராது. நிகழ்ச்சியின் மென்மைக்குப் பெரும்பகுதிக் காரணம் இதுதான். பத்திரிகைக்குக் காட்சி தேவையில்லை, டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதலாம், அதனால் மார்க்கைக் குறைக்கத் துணிந்தது. பிற்காலத்தில் தொலைக்காட்சி நிறுவனங்களே படங்களை வாங்கி வெளியிடத் தொடங்கியபோது இந்த மென்மையும் போய், வெறும் புகழ்ச்சி மிஞ்சியது. அந்தக் கட்டத்தில் அம்மாவின் அகராதி வேலை செய்யவில்லை. தயங்குகிற குரலிலிருந்துதான் பொருள் எடுக்க முடியும், தயக்கமே இல்லாத குரலை வைத்து என்ன செய்வது?

ஆகவே, 2000களின் பிற்பகுதியைச் சொன்னீர்களானால் நீங்கள் சொன்னது சரி, தம்பி. அதற்கு முந்திய பத்தாண்டுக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

16 ஜனவரி

ஜெயா டிவியில் சுஹாசினி செய்த ஹாசினி பேசும் படத்தை விட்டுவிட்டேன் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். விடக் கூடாதுதான். ஒளிப்பதிவு படித்தவர், ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் கேமரா உதவியாளராக இருந்தவர். அதனால் ஒரு காட்சியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிப் பேச அவருக்குத் தெரியும். விஜய் டிவியில் கார்ட்டூனிஸ்ட் மதன் பேசினார், பக்கத்து வீட்டு மாமா அரட்டை அடிப்பது போல இருக்கும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று இருவரும் சொன்னார்கள். கூடலூர்த் தம்பி தேடுகிற விமர்சனம் அங்கே இருக்கிறது. எனக்கும் பிடித்தது. அப்போது நான் கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்துவிட்டேன், தியேட்டர் நடக்கிற தூரம். அதனால்தானோ என்னவோ, லயத்தில் பார்த்தவை மனத்தில் உட்கார்ந்த அளவுக்கு இவை உட்காரவில்லை.

19 ஜனவரி

முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

2000 ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்து, பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எங்கள் தோட்டமும் மூடியது. சம்பளம் நின்றது. கரண்ட் பில் கட்ட முடியாமல் வீடு இருண்டது. டிவியை விற்றோம். அப்பா திருப்பூருக்குப் போனார். அம்மாவும் மற்றப் பெண்களும் விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனார்கள். கம்பம் சினிமா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ஆனால் திரை விமர்சனத்தை மட்டும் அம்மா விடவில்லை. ரோட்டோரக் கடைக்காரர் வீட்டில் டிவி இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்காருவார்கள். அம்மாவின் விரல்களில் ஏலக்காய்ப் பிசின், சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாது. படத்துக்குப் போகப் போவதில்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். பிறகு எதற்கு விமர்சனம்?

அடுத்த நாள் ஜீப்பில் ஏறியபோது எனக்குப் புரிந்தது. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போனேன். இருட்டில் ஒருவர் தொடங்கினார்: "அந்தப் பெண் என்ன செய்திருப்பாள்?" டிவியில் நிறுத்திய இடத்திலிருந்து கதை நகர்ந்தது. ஒருவர் கல்யாணம் செய்துவைத்தார், இன்னொருவர் அது நடக்காது என்று மறுத்தார். மாமியாரைத் திருத்துவதா தண்டிப்பதா என்று வளைவுக்கு வளைவு வாதம். தோட்டம் வருவதற்குள் படம் முடிந்துவிடும். மாலையில் திரும்பும்போது வேறொரு முடிவு. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் ஜீப்பில் எத்தனை படங்கள் ஓடின என்று நான் எண்ணி வைக்கவில்லையே என்று இருக்கிறது.

கதையை முழுதாகச் சொல்லி, குப்பை, போகாதே என்று முகத்தில் அடித்திருந்தால் அந்தப் பெண்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

20 ஜனவரி

நேற்று எழுதியது கூடலூர்த் தம்பியைக் குத்துவதற்காக அல்ல. அவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார், அவருடைய அம்மாவும் அதே ஏலத்தோட்டங்களுக்குப் போனவராம். எந்த ஜீப் என்று கேட்டிருக்கிறேன்.

26 ஜனவரி

இன்றைய யூடியூப் விமர்சனங்களையும் சேர்த்துப் பேசச் சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். விமர்சனம் படத்தைக் கொல்கிறது என்று 2023 இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. வெளியான முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று தமிழ்த் தயாரிப்பாளர்கள் கேட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. ஏற்காததுதான் நியாயம். காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை யார் அடைப்பது? என் வருத்தம் வேறு. இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது, நான் போனில் தனியாகக் கேட்கிறேன், என் மகள் வேறு ஒருவரைத் தனியாகக் கேட்கிறாள். மதியச் சாப்பாட்டில் இருவரும் முடிந்துபோன ஒன்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

2 பிப்ரவரி

அம்மா ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இருக்கிறார். நேற்று மத்தியானம் டிவியில் ஒரு பழைய படம். பெயரைச் சொல்லவில்லை, ஓடாத படம். பத்து நிமிடத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம் ஜீப் படம்."

தங்கை தன் நகையை அடகு வைத்து அண்ணனைப் படிக்கவைக்கிறாள். அவன் பெரிய வேலைக்குப் போகிறான், ஊருக்கு வருகிறவன் அவளைத் தெரியாதவன் போல நடந்துகொள்கிறான். டிவி விமர்சனம் அங்கேதான் நின்றது. மீதியை அம்மா ஜீப்பில் சொன்னது எனக்கே நினைவிருந்தது: வருடங்கள் கழித்து அண்ணன் தேடிக்கொண்டு வருவான். தங்கை கோபப்பட மாட்டாள், அழ மாட்டாள். உட்காரவைத்து ஒரு காபி போட்டுக் கொடுப்பாள். அவன் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு" என்பாள். அன்று ஜீப்பில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

படத்தில் தங்கைக்கு நோய் வருகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் அவள் காலைப் பிடித்து அழுகிறான், அவள் மன்னித்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். பெயர்கள் ஓடும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காபி கொடுக்கவே இல்லையே."